நூற்றிருபது பேருக்கான தரை

"நூத்தி இருபது பேர் வர்றாங்க, வெர்லின். இந்தத் தரையிலயா நிக்க வைக்கப் போற?"

டோரீன் கேட்டுவிட்டுக் காபிக் கோப்பையோடு கார் ஷெட்டின் உள்படியிலேயே நின்றாள். கீழே அவள் கணவர் வெர்லின் ஹேகன் முட்டி போட்டுத் தரையிலிருந்து ஒரு பெயிண்ட் பட்டையை உரித்துக்கொண்டிருந்தார். காரின் முன்சக்கரத் தடம் அப்படியே பதிந்த நீளமான பட்டை. நான்கு வருடத்துக்கு முன் அவரே பூசிய சாம்பல் பெயிண்ட். சூடான டயர் ஒட்டி இழுத்தது போக, பனி உருகச் சாலையில் போடும் உப்பு தின்றது போக, மிச்சமிருந்தது தேமல் படர்ந்த முதுகு மாதிரி இருந்தது.

"இது பெயிண்ட் கம்பெனிக்காரன் செஞ்ச தப்பு," என்றார் வெர்லின்.

"போன வருஷமும் அதான் சொன்ன."

"போன வருஷமும் அவன் தப்புதான்."

எங்கள் ஊரில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைக்குக் கார் ஷெட்டில்தான் விருந்து. காரை வெளியே தள்ளி, நீள மேஜைகள் போட்டு, பள்ளியின் நிறத்தில் பலூன் கட்டி, பன்றித் தொடை வைத்த பன்னும் உருளைக்கிழங்கு சாலடும் வெள்ளைக் கேக்கும் பரப்பினால் விருந்து தயார். மே மாதக் கடைசியில் மினசோட்டாவில் பாதி ஷெட்டுகள் கல்யாண மண்டபங்கள்தான். ஹேகன் வீட்டில் இளையவள் அன்னிக்காவின் முறை அடுத்த சனிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு. அதோடு அவள் சியாட்டிலுக்குப் படிக்கப் போய்விடுவாள். மகளுக்காகத் தன் கையால் எதையாவது செய்ய வெர்லினுக்கு மிச்சமிருந்தது எட்டு நாள். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"எபாக்ஸி போடறேன்," என்றார் எழுந்து. "ரெண்டு டின், கலந்து பூசறது. இருபது வருஷம் அசையாது. நானே போடறேன்."

"ஆள் வெச்சுப் போடலாமே," என்றாள் டோரீன்.

அவ்வளவுதான். வெர்லினிடம் 'ஆள் வைக்கலாம்' என்று சொல்வது தீயில் மண்ணெண்ணெய் ஊற்றுவது மாதிரி. முப்பது வருடமாக அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடும் வேலையில் இருக்கிறார். ஆலங்கட்டி மழை பெய்து கூரை பொத்தலானவன் வீட்டுக்கு ஏணியோடு போவார். மேலே ஏறி, இறங்கி, "இது மழையில வந்ததில்ல, பழைய விரிசல்," என்று எழுதிவிட்டு வருவார். ஊரில் பாதிப் பேருடைய கூரையை அவர் அப்படிப் பார்த்திருக்கிறார். ஆகவே உலகத்தில் எந்த வேலையையும் யாரும் சரியாகச் செய்வதில்லை என்பது அவருக்கு ஆதாரத்தோடு தெரியும்.

அன்று மாலையே சாமான் கடையின் பெயிண்ட் பகுதிக்குப் போனார். அதற்கு முன்பு எபாக்ஸி பற்றிப் பதினோரு வீடியோ பார்த்து முடித்திருந்தார். எல்லாவற்றிலும் ஆட்கள் செய்த தப்புகளை ஒரு தாளில் குறித்தும் வைத்திருந்தார்.

கவுண்டரில் பெவ் என்ற பெண்மணி. மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் இருபத்தைந்து வருடப் பெயிண்ட் கறை.

"ஒரு வாரந்தான் இருக்கா, சார்? அப்ப பழசைச் சுரண்டிட்டு, நல்லாக் கழுவிட்டு, அப்படியே விட்டுடுங்க. ஒரு கம்பளம் விரிச்சாப் போதும். யாரும் தரையைப் பார்க்க மாட்டாங்க."

"நான் பார்ப்பேன்."

"சரி, எபாக்ஸிதான் வேணும்னா முதல்ல ஈரம் பாருங்க. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டுங்க. ஒரு நாள் கழிச்சு எடுத்துப் பாருங்க. அடியில வேர்த்திருந்தா பூசாதீங்க. கொப்பளிச்சிடும்."

"என் தரையில ஈரமா?" வெர்லின் சிரித்தார். "அம்மா, நான் அடுத்தவன் தரையைப் பார்த்தே வீடு கட்டினவன்."

பெவ் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "எங்க வீட்டுக்கும் வந்திருக்கீங்க, சார். ரெண்டாயிரத்துப் பதினேழு. பழைய விரிசல்னு சொன்னீங்க."

வெர்லின் விலை அதிகமான டின்களையே எடுத்துக்கொண்டு, தரை தேய்க்கும் மிஷினையும் வாடகைக்கு வாங்கி வந்தார். ஈரம் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டைக் காலி செய்தார். பனி தள்ளும் மிஷின், மீன்பிடிக் கூடாரம், மூன்று சைக்கிள், கிறிஸ்துமஸ் மான்கள், பழைய சோபா, தேய்க்கும் மிஷின் என்று எல்லாம் வாசல் சிமெண்ட் பாதைக்கு வந்தன. முன்னால் இருந்த புல்வெளியும் நிரம்பியது.

மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒருவன் தன் சாமான்களை வாசலில் பரப்பினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பத்து நிமிடத்தில் முதல் கார் நின்றது.

"இந்தக் கூடாரம் என்ன விலை?"

"விற்பனை இல்லைங்க. தரைக்குப் பெயிண்ட் அடிக்கப் போறேன்."

"அப்ப அந்த சோபா?"

நான்காவது கார் நின்றபோது வெர்லின் ஓர் அட்டையை எடுத்து, 'இது விற்பனை அல்ல' என்று பெரிய எழுத்தில் எழுதித் தெருவோரம் நட்டார். அதுதான் வினையானது. தெருவோரத்தில் அட்டை, பின்னால் பரப்பிய சாமான். ஐம்பது அடி தூரத்திலிருந்து யார் படிக்கிறார்கள்? அதுவரை யோசித்து யோசித்துப் போன கார்களும் இப்போது திடமாக பிரேக் போட்டன.

ஒருவர் வந்து அட்டையைக் கிட்டத்தில் நின்று படித்தார். "நல்லா இருக்கே இந்த தமாஷ்," என்று சொல்லிவிட்டுக் கிறிஸ்துமஸ் மானின் காலை ஆட்டிப் பார்த்தார்.

வெர்லின் வெறுத்துப்போய்த் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது தேய்க்கும் மிஷின் இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு கல், கல்லுக்கடியில் இரண்டு இருபது டாலர் நோட்டு, ஒரு துண்டுச் சீட்டு. 'யாரையும் காணோம். நியாயமான விலைன்னு நினைக்கிறேன். ரொம்ப நன்றி.'

திருடு போயிருந்தால் போலீஸுக்காவது போகலாம். எங்கள் ஊர்க்காரர்களின் நேர்மை இந்த மாதிரி நேரத்தில்தான் ஆளைக் கொல்லும்.

"அது வாடகை மிஷினாச்சே!" என்று வெர்லின் வெறும் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

கடைக்குப் போயிருந்த டோரீன் திரும்பி வந்து சீட்டைப் படித்தாள். "கையெழுத்து அழகா இருக்கு," என்றாள். பிறகு, "மிஷின் இல்லாம முடியாதில்ல? விட்டுடறியா?" என்று கேட்டாள்.

"விடறதா? ஆசிட் ஊத்துவேன்!"

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஆசிட் ஊற்றினார். தரை நுரைத்துப் பொங்கியது. பழைய பெயிண்ட் கழன்றது. அவருடைய பூட்ஸின் அடிப்பாகமும் கழன்றது. பிறகு சோடா உப்பைப் போட்டுக் குழாயைத் திறந்து, இரண்டு மணி நேரம் தண்ணீரால் அடித்துக் கழுவினார். தரை சுத்தமானது. பஞ்சு மாதிரி முழுத் தண்ணீரையும் குடித்துவிட்டுக் கறுத்துக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமையும் கறுப்பாகவே கிடந்தது.

சாயங்காலம் லெராய் வந்தார். அடுத்த தெருக்காரர். லாரி மெக்கானிக்காக இருந்து ரிட்டயரானவர். முழங்காலுக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால், தினமும் ஊரைச் சுற்றி நடந்து எல்லோர் வாசலிலும் உட்காருவார்.

"என்னப்பா வெர்லின், நீச்சல் குளமா?"

"காயுது."

"எங்க காயுது? போன மாசம் ஆபரேஷன் பண்ணின என் முழங்கால் புண்ணே இதைவிட முன்னால காஞ்சிடும்போல."

"உங்க ஷெட் தரையைப் பத்தி நான் ஏதாவது சொன்னேனா? எண்ணெய்க் கறையும் வெடிப்புமா, நடுவுல புல்லு வேற முளைச்சிருக்கு."

"அது புல்லு இல்லப்பா. டேன்டேலியன். பூ விடும்," என்றார் லெராய் அமைதியாக.

லெராய் போன பிறகு வெர்லின், குளிர்காலத்தில் கட்டிட வேலைக்காரர்கள் வைக்கும் டீசல் ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். பீரங்கி மாதிரி நெருப்புக் காற்றைத் துப்புவது. அதை ராத்திரி வரை ஓட விட்டார். புதன்கிழமை காலையில் தரை வெளுத்துக் காய்ந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தார், ஈரமில்லை. கொஞ்சம் வழவழப்பாக இருந்தது. டீசல் புகை படிந்தால் வழவழப்பாகத்தான் இருக்கும், எண்ணெய் மேல் எபாக்ஸி பிடிக்காது என்பது அந்தப் பதினோரு வீடியோவில் ஒன்பதாவது வீடியோவில் இருந்தது. அதை அவர் பாதியில் நிறுத்தியிருந்தார். பேசியவனின் தொப்பி அவருக்குப் பிடிக்கவில்லை.

மதியம் வாளியில் இரண்டு டின்னையும் ஊற்றிக் கலந்தார். கலந்த எபாக்ஸியை உடனே தரையில் கொட்டிப் பரப்ப வேண்டும். வாளியிலேயே வைத்தால் அது தானாகச் சூடேறி இறுகிவிடும். அது தெரிந்திருந்தும் பாதி வாளியைக் கொட்டியதும் நிமிர வேண்டியதாயிற்று.

"பனி மிஷின் ஓடுமாங்க?" வாசலில் ஒருவர் கேட்டார்.

"விற்பனை இல்லைன்னு போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?"

"படிச்சேன். ஓடுமான்னுதான் கேட்டேன்."

"ஓடும்! போன வாரம்தான் ஆயில் மாத்தினேன். ரெண்டு அடி பனியைக்கூட அனாயாசமாத் தள்ளும்," என்று ஆரம்பித்தவர் கார்பரேட்டர் வரை விளக்கிவிட்டுத் திரும்பினார். வாளி புகைந்துகொண்டிருந்தது. ரோலரை உள்ளே விட்டார். ரோலர் திரும்பி வரவில்லை. வாளியும் ரோலரும் எபாக்ஸியும் ஒரே பொருளாகிவிட்டன.

மிச்சத் தரைக்கு இன்னொரு ஜோடி டின் வாங்கி வந்து பூசினார். புகைக்காகக் கதவைத் திறந்து வைத்தார். ஊரெங்கும் காட்டன்வுட் மரங்கள் பஞ்சு விடும் பருவம். கதவு வழியே வெள்ளைப் பஞ்சு நிதானமாக மிதந்து வந்து, ஈரத் தரையில் ஒவ்வொன்றாக உட்கார்ந்தது. கதவை மூடினார். உள்ளே சூடேறிப் பஞ்சு இன்னும் நன்றாகப் பதிந்தது.

வியாழக்கிழமை காலை தரை முழுக்கக் கொப்புளம். அடியிலிருந்த ஈரம் வெளியே வர வழி தேடியிருக்கிறது. வெர்லின் ஒவ்வொரு கொப்புளத்தையும் ஊசியால் குத்தி, சுரண்டி, தேய்த்து, பஞ்சையும் பிடுங்கினார். சாயங்காலம் எழுந்து நின்று பார்த்தார். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் காய்ந்திருந்தது. மேஜை போடலாம். இன்னும் இரண்டு நாள் இருந்தது. முதல்முறையாக மனசு லேசானது. டோரீனைக் கூப்பிட்டார்.

டோரீன் படியில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"ம்," என்றாள். "வித்தியாசமா இருக்கு."

எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் நன்றாக இல்லை என்று சொல்வதில்லை. 'வித்தியாசமா இருக்கு' என்றுதான் சொல்வார்கள். இடிந்த வீடு, பிடிக்காத மருமகள், உப்பில்லாத சூப், எல்லாவற்றுக்கும் அதுதான். அதற்கு மேல் வசவு கிடையாது.

"என்ன வித்தியாசம்?" என்றார் வெர்லின், முகம் சிவந்து.

"ஒண்ணுமில்ல. ஒரு கோட்டே போதும்னு நீ நினைச்சா சரிதான். உனக்குத் தெரியாததா?"

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டாவது கோட் ஆரம்பித்தார். டின்னின் மேல் 'கால் வைக்க இருபத்து நாலு மணி, மேஜை வைக்க மூன்று நாள்' என்று போட்டிருந்தது. இறுக வைக்கிற திரவத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகிவிடும் என்று கணக்குப் போட்டார். ஒன்றரை மடங்கு ஊற்றினார். அளவு மாறினால் எபாக்ஸி சீக்கிரம் இறுகாது, எப்போதுமே இறுகாது. இதுவும் ஒன்பதாவது வீடியோவில்தான் இருந்தது.

அன்னிக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, கண்ணாடி மாதிரி இருக்கு!"

"நாளைக்கு உன் முகம் தெரியும் பார்," என்றார் வெர்லின். "உன் சிநேகிதிங்க வந்து பார்க்கணும். உங்கப்பா போட்டதுன்னு சொல்லணும்."

"சொல்றேன்ப்பா," என்றாள் அவள். ஏனோ அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. வெர்லின் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு மெதுவாக ஒரு காலை வைத்தார். எடுத்தார். கால் வந்தது, சாக்ஸ் வரவில்லை. ஷெட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தரை தேன்பாகு மாதிரி ஒட்டியது.

ஃபேன் போட்டார். ஹேர் டிரையர் போட்டார். பேபி பவுடர் தூவிப் பார்த்தார். பவுடர் பிடித்த இடமெல்லாம் ஊத்தப்பம் மாதிரி வெளுத்துத் திட்டுத் திட்டாக நின்றது. பின்பக்கப் புல்வெளியில் மேஜை போடலாம் என்று ஓடினார். முன்வாசல் கொள்ளாத சாமான்களை, விலை கேட்கிறவர்களுக்குப் பயந்து அங்கேயும் தள்ளியிருந்ததில் நிற்க ஓர் அடி இடமில்லை.

பன்னிரண்டு மணிக்கு வீட்டில் யாரும் இல்லை என்பதைக் கவனித்தார். டோரீன் கேக் எடுக்கப் போயிருக்கலாம். பன்னிரண்டரைக்கு முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, ஒற்றை சாக்ஸோடு வாசலில் வந்து நின்றார். வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க, தரை காயல." சரியில்லை. "டின்காரன் தப்பு." அதுவும் ஏனோ இன்று வாயில் வரவில்லை.

ஒரு மணி. தெருவில் ஒரு காரும் வரவில்லை.

ஒன்றேகால். யாரும் இல்லை.

வெர்லின் வாசல் பாதையில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணுக்குக் கடைசி விருந்து, ஒருவர்கூட வரவில்லை. தரையைப் பற்றிக் கேள்விப்பட்டு வராமலே இருந்துவிட்டார்கள். அவளுடைய ஒரே நாளைத் தன் கையாலேயே நாசமாக்கியாயிற்று. முப்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு சேதத்தைப் பார்த்து, இது பழைய விரிசல் என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

அப்போது காற்றில் பாட்டுச் சத்தம் வந்தது. பிறகு சிரிப்பு. அடுத்த தெருவிலிருந்து.

ஒற்றை சாக்ஸோடு நடந்து மூலையைத் திரும்பினார். லெராய் வீட்டு வாசலில் முப்பது கார். ஷெட் கதவு முழுசாகத் திறந்திருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பலூன்கள், நீள மேஜைகள், பன், சாலட், கேக். அன்னிக்காவின் குழந்தைப் படங்கள் ஒரு பலகையில். ஊரே அந்த எண்ணெய்க் கறைத் தரையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெடிப்பில் டேன்டேலியன் பூ விட்டிருந்தது. யாரும் தரையைப் பார்க்கவில்லை.

டோரீன் ஒரு தட்டை நீட்டினாள். "வா வா. பன் எடுத்துக்கோ."

"டோரீன், தரை... நான்..."

"பரவால்ல விடு. லெராய் இடம் கொடுத்தார்."

வெர்லினுக்குக் கண் கலங்கியது. எப்பேர்ப்பட்டவள்! கடைசி நிமிடத்தில் இத்தனை மேஜையையும் நகர்த்தி, நூற்றிருபது பேருக்கும் இடம் மாறியதைச் சொல்லி, ஒருவரைக்கூட வழி தவற விடாமல். எப்படித்தான் முடிந்ததோ! அன்னிக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஃபார்கோவில் ரயில்வேயில் வேலை பார்க்கும் மூத்தவன் கர்ட்டும் வந்திருந்தான். அப்பாவின் ஒற்றை சாக்ஸைப் பார்த்துவிட்டுக் காபி கொடுத்தான்.

இரண்டு பன் உள்ளே போனதும் வெர்லினுக்குத் தெம்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தார். பாதிரியார் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாதிரியாரே, கோயில் கூரையைப் பார்த்தேன். அந்த மேற்கு மூலை போன வருஷப் புயல்ல போனதில்ல. அது நீங்க சுத்தம் பண்ணாம விட்டது."

பாதிரியார் கேக்கைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த தம்பதி மெல்ல எலுமிச்சை ஜூஸ் பக்கம் நகர்ந்தார்கள். வெர்லின் அவர்களையும் தொடர்ந்தார். "உங்க வீட்டுச் சாக்கடைக் குழாய் இன்னும் அப்படியேதானா?" பிறகு அவர் கண் கீழே போனது. "லெராய், இந்தத் தரைக்கு ஒரு வாரம் கொடுங்க, நான்..."

கூட்டம் அவரைச் சுற்றி வட்டமாக விலகியது. சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி இரண்டரைதான் ஆகியிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த கர்ட், தங்கையின் தோளில் கை போட்டுச் சொன்னான்:

"நீ அதிர்ஷ்டக்காரி, அப்பா வந்து வாயைத் திறக்கறதுக்குள்ள ஒண்ணரை மணி நேரம் கிடைச்சுது. என் பார்ட்டிக்கு அம்மா அவர் கையில வேலி கட்டற வேலையைத்தான் கொடுத்தாங்க, மனுஷன் மூணே நாள்ல முடிச்சுட்டு முதல் ஆளா வந்து நின்னுட்டாரு."